வாழ்வனவும் வந்து செல்வனவும்

தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடையே மன்னார் வளைகுடா அமைந்துள்ளது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் 21 சிறு தீவுகள் அதில் உள்ளன. அத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

டால்பினைத் தமிழில் ஓங்கில் என்பர். கரையோர நீரில் மீன்களை வேட்டையாடி ஓங்கில்கள் இங்கேயே வாழ்கின்றன. பெருந்திமிங்கிலங்களோ ஆழ்கடலுக்கு உரியவை. அவ்வப்போது வந்து செல்பவை. இவ்விரண்டும் மீன்கள் அல்ல. குட்டி ஈன்று பாலூட்டுபவை. நுரையீரலால் மூச்சுவிடுவதால் நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும். மீனின் வால் பக்கவாட்டில் அசையும். இவற்றின் வால் மேலும் கீழும் அசையும்.

2016 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுக் கரையோரத்தில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. மீனவர்கள் அவற்றைப் படகுகளால் இழுத்துச் சென்று ஆழமான நீரில் விட்டனர். ஆனால், அவற்றுள் பல மீண்டும் கரைக்கே திரும்பின. 1973 ஜனவரியிலும் இதே கடற்பகுதியில் 147 திமிங்கிலங்கள் கரையொதுங்கியிருந்தன.

காப்பாற்றப்பட்டவை ஏன் திரும்பின? பைலட் திமிங்கிலங்கள் உறவுக் கூட்டமாக வாழ்பவை. ஒன்று இடருற்றால் மற்றவை அதனைப் பிரிந்து செல்வதில்லை. இப்பிணைப்பே கூட்டமாகக் கரையொதுங்குவதற்கு ஒரு காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர். கடலில் நீர் தாங்கிய உடலின் எடை, கரையில் நுரையீரலையே அழுத்துகிறது. வெயிலில் உடலும் சூடேறுகிறது.

மாணவர்களே! நீங்கள் வாழும் நகரின் கடற்கரையிலும் ஓங்கிலோ திமிங்கிலமோ ஒதுங்கக்கூடும். கண்டால் உடனே பெரியவர்கள் வாயிலாக வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கூட்டம் நெருங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதவுவோர் ஈரத்துணியால் அதன் தோலை நனைக்கலாம்; தலைமேல் உள்ள மூச்சுத்துளையில் நீர் புகக் கூடாது. வாலைப் பிடித்து இழுத்தலும் தீங்கே.

அருஞ்சொற்பொருள்
ஈன்று – பெற்று
இடர் – துன்பம்
பிணைப்பு – நெருங்கிய உறவு

பயிற்சி
1. பிரித்து எழுதுக: அத்தீவுகள், இவ்விரண்டும்.
2. ஓங்கில் மீன் அன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் தருக.
3. ஆழ்கடலில் விடப்பட்ட திமிங்கிலங்கள் கரைக்குத் திரும்பியது ஏன்?
4. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் ஓங்கிலுக்கு வழங்கும் பெயரைக் கேட்டறிந்து, தமிழ் எழுத்தில் எழுதுக.