பூர்வகாலப் பூச்சிகளும் அவை நடத்திய பயிர்த்தொழிலும்

கொய்யா, பப்பாளி, செம்பருத்தி முதலியவற்றின் கிளைகளில் வெள்ளை மாவைத் தூவினாற்போல் அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சியை அறியாத குடியானவர் இரார். மருந்து தெளித்த சில நாட்களுக்குள் அது மீண்டும் தலைகாட்டுவதைக் கண்டு, இது நேற்றுத் தோன்றிய பீடை என்றும், காலத்தின் கோளாறு என்றும் சொல்வோர் பலர். உண்மையில் இவ்வினம் மனிதன் ஏர் பிடிப்பதற்குப் பல கோடி வருஷங்களுக்கு முன்னரே தன் தொழிலில் தேர்ச்சி பெற்றுவிட்டது. இந்த நூற்றாண்டில் பூமிக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட பூச்சிப் படிவங்கள் இதற்குச் சாக்ஷி கூறுகின்றன.

பூச்சியின் உடல் மிருதுவானது. செத்த இரண்டொரு நாளில் அதை எறும்பு இழுத்துப்போகும். அல்லது அது மக்கிப்போகும். ஆகையால் மாட்டெலும்பைப்போல் அது மண்ணில் தங்குவது அரிது. ஏரியின் அடியிற் படியும் நொய்ய வண்டலிலோ, எரிமலைச் சாம்பலிலோ சிக்கியவை கல்லில் அச்சாக நிலைப்பதுண்டு. அதனினும் சிறந்தது மரப் பிசின். காயம்பட்ட மரத்தில் வடியும் பிசினில் ஒட்டிக்கொண்ட ஈ, எறும்பு முதலியவற்றை மேலும் வடியும் பிசின் மூடிவிடுகிறது. அப்பிசின் மண்ணிற் புதைந்து, நெடுங்காலம் இறுகி, மஞ்சள் நிறக் கல்லாகிறது. இதுவே அம்பர் எனப்படுவது. இதனுள் இருக்கும் பூச்சியின் மயிரும் இறகின் நரம்பும்கூடப் பூதக்கண்ணாடியில் தெளிவாய்த் தெரியும். அம்பர் விலையேறப் பெற்றதாகையால் அதிற் போலியும் உண்டு. 1850-ம் வருஷத்தில் விவரிக்கப்பட்டு, பின்னர் லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையிற் சேர்ந்த ஓர் ஈ, அம்பரைப் பிளந்து குடைந்து உள்ளே வைத்து ஒட்டப்பட்ட இக்காலத்துக் கக்கூஸ் ஈ என்பது 1993-ல்தான் வெளியாயிற்று. அதுவரையில் பெரிய பண்டிதர்களும் அதை நம்பியிருந்தனர்.

நம் தேசத்திலேயே இத்தகைய புதையல் ஒன்று உண்டு. குஜராத்தில் சூரத்துக்கு அடுத்த வஸ்தான் என்னும் இடத்துப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த சுமார் 150 கிலோகிராம் அம்பரை லக்னோ, பான், நியூயார்க் நகரங்களின் அறிஞர்கள் கூடி ஆராய்ந்து, அதில் 700-க்கு மேற்பட்ட பூச்சி, சிலந்தி முதலிய ஜந்துக்கள் இருப்பதை 2010-ம் வருஷத்தில் வெளியிட்டனர். அவற்றின் வயது ஐந்து கோடி வருஷங்களுக்குக் குறையாது. அப்பிசின் எந்த மரத்தினுடையது என்று ரசாயன முறையாற் சோதித்ததில், அது குங்கிலிய மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இன்று வீட்டில் புகையிடும் குங்கிலியத்தின் மூதாதை என்று அதனைச் சொல்லலாம். மற்ற தேசங்களின் அம்பரைப்போல் அது முற்றும் இறுகிவிடவில்லையாதலால், சில திராவகங்களில் அதைக் கரைத்துப் பூச்சியை முழு உருவத்துடன் வெளியே எடுக்கவும் முடிந்தது. இந்தியா அக்காலத்துக்கு முன் வெகுகாலம் கடலின் நடுவே தனித்த நிலமாக வடக்கு நோக்கி நகர்ந்து வந்தது என்பர். ஆகையால் இங்கிருந்த பூச்சிகளும் பிற தேசத்துப் பூச்சிகளோடு உறவற்றவையாய் இருந்திருக்கும் என்று எண்ணியிருந்தனர். வஸ்தான் பூச்சிகளோ ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பூச்சிகளுக்கு நெருங்கிய சுற்றமாய்க் காணப்பட்டன. பூச்சிக்குக் கடல் அவ்வளவு பெரிய வேலியன்று போலும்.

மாவுப்பூச்சியின் சரித்திரத்துக்கு மிக அவசியமான சாக்ஷி பர்மாவிலிருந்து கிடைத்தது. வடபர்மாவில் ஹூகாங் பள்ளத்தாக்கின் அம்பர், அதனோடு கலந்த எரிமலைத் துகள்களைக் கொண்டு கணக்கிட்டதில், சுமார் 9 கோடியே 90 லக்ஷம் வருஷம் பழமையானது. (அது உள்நாட்டுப் போர் நடக்கும் பிரதேசமாதலால் அங்கிருந்து வரும் கற்களை விலைக்கு வாங்கி ஆராய்வது தகுமா என்னும் விவாதம் அறிஞரிடையே இருந்து வருகிறது.) சீன தேசத்து நான்கிங் நகர ஆராய்ச்சியாளரான வாங் போ முதலியோர் 2015-ல் அந்த அம்பரிலிருந்து ஒரு பெண் செதிற்பூச்சியை விவரித்தனர். அதன் உடலின் பின்புறத்தில் மெழுகினாலாகிய பை ஒன்று இருக்கிறது. அப்பைக்குள் சுமார் 60 முட்டைகளும், புதிதாய்ப் பொரித்து வெளிவந்த குஞ்சுகளும் காணப்பட்டன. பூமிதேவியின் பர்மியப் பெயரால் அதற்கு வதொந்தரா என்று பெயரிட்டனர். வசுந்தரா என்னும் சொல்லே அங்ஙனம் திரிந்தது. நீலகிரியில் உண்ணிச்செடியின்மேல் வெண்மெழுகு வாலுடன் காணப்படும் பூச்சி இதே குடும்பத்தது. மாவுப்பூச்சியும் இதற்கு உறவே.

இதிற் குடியானவர் கவனிக்கவேண்டியது அம்மெழுகே. பத்துக் கோடி வருஷகாலமாக மழைக்கும் பகைக்கும் தப்ப இப்பூச்சிக்கு உதவிவரும் கவசத்தில் மருந்து நீர் ஒட்டாமல் உருண்டு விழுவது வியப்பன்று. மெழுகு மூடாத இளங்குஞ்சுகள் ஊரும் பருவத்தில் தெளித்தாலன்றி மருந்துச் செலவு பெரும்பாலும் வீணே. 2008-ம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் அழித்தபோது, மருந்துக்குச் செலவழித்தவர்கள் இதை அநுபவத்தில் உணர்ந்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு குளவிகளே அதனை அடக்கின. ஒரு குண்டூசித் தலைக்கும் மிகாத அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுவதால், மெழுகுக் கவசம் அங்கே பயன்படவில்லை.

மாவுப்பூச்சிக்குக் காவற்காரரும் உண்டு. அது வெளிவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றி நின்று, அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் குளவிகளையும் விரட்டுகின்றன. பூமிக்குள் வேர்களில் மாவுப்பூச்சிகளை மந்தையாக வளர்த்து, அவற்றின் இனிப்பு நீரையே ஆகாரமாகக் கொண்டு வாழும் எறும்புச் சாதியொன்று உண்டு. அதன் ராணி கலவிக்காகப் பறந்து புறப்படும்போது ஒரு மாவுப்பூச்சியைப் பல்லிற் கவ்விக்கொண்டே செல்கிறது. புகுந்த இடத்தில் மந்தை பெருகுவதற்கு அதுவே விதை. நம் பெண்கள் சீதனப் பசுவோடு புக்ககம் போன வழக்கம் இங்கே நினைவுக்கு வரும். மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டொமினிக்கன் குடியரசின் அம்பரிலிருந்து 2001-ல் அவ்வெறும்பின் ராணிகளும் மாவுப்பூச்சிகளும் சேர்ந்தே விவரிக்கப்பட்டன. அந்த அம்பரின் வயது ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி வருஷம் வரை. அதைச் சுரந்த மரம் நம் புளியமரத்துக்குத் தூரத்து உறவு. ஆகவே, எறும்பு சாரிசாரியாய் ஏறும் மரத்தில் மாவுப்பூச்சியைத் தேடுவதும், மாவுப்பூச்சியைக் கண்ட மரத்தில் முதலில் எறும்பின் வழியை அடைப்பதும் முறையான காரியங்களாம்.

எறும்பு கால்நடை வளர்த்ததென்றால், கறையான் பயிரே இட்டது. கறையான் சாதிகளிற் சில, தாம் கடித்துக் கொணரும் மரத்தூளையும் சருகையும் தம்மால் முற்றும் ஜீரணிக்க முடியாமையால், ஒருமுறை தின்று கழித்த உருண்டைகளைப் புற்றினுள் தேன்கூட்டைப் போல் அடுக்கி, அவற்றின்மேல் ஒருவகைப் பூசணத்தை வளர்க்கின்றன. பூசணம் மரநாரைப் பதப்படுத்துகிறது. பின் கறையான் அவ்வடுக்கையும் பூசணத்தையும் தின்கிறது. நம் கரும்புக் கரணைகளையும் தென்னங்கன்றுகளையும் கெடுக்கும் கறையான்களில் முக்கியமானவை இவ்வகையினவே. சாட் தேசத்தில் 70 லக்ஷம் வருஷம் பழமையான இத்தகைய தோட்டம் கல்லாய்ச் சமைந்து கிடப்பதை 2006-ல் அறிவித்தனர். அதற்கும் முற்பட்டது, ஆஸ்திரேலிய நாட்டு எரிக் ராபர்ட்ஸ் முதலியோர் டான்சானியாவில் ருக்வா பள்ளத்தாக்கிற் கண்டு 2016-ல் வெளியிட்டது. அதன் வயது இரண்டரைக் கோடி வருஷம். அங்கே அவர்கள் விவரித்தது கூட்டையும், அதனுள் சிறு உருண்டைகளாலாகிய தோட்டத்தையுமே. உழவர் மறைந்தும் கழனி எஞ்சி நின்றது. இக்காலத்துக் கறையான்களின் பரம்பரைக் கூறுகளைக் கொண்டு இத்தொழில் ஆபிரிக்காவில் தோன்றி ஆசியாவுக்குப் பரவியது என்று கணித்திருந்தவர்களுக்கு இப்படிவம் பெரிய பலமாயிற்று.

புற்றின் மேற்பாகத்தைக் கடப்பாரையால் இடித்து நிரவிவிட்டுக் கறையான் ஒழிந்தது என்று இருப்பவர்கள் அடுத்த மழைக்குள் ஏமாறுவதன் காரணமும் இதுவே. ராணியும் தோட்டமும் தரைக்குக் கீழே இருக்கின்றன. இடியுடன் மழை பெய்த மறுநாட்களில் புற்றடியிற் கிளம்பும் வெள்ளைக் காளானைக் கூடையில் பறித்து வருவோர், தண்டைப் பிடுங்காமல் அதைத் தொடர்ந்து தோண்டிப் பார்ப்பாராயின், வேர்போல் நீண்டு இறங்கும் அதன் அடி, முழக்கணக்கான ஆழத்தில் கறையானின் தோட்டத்திலே போய் முடிவதைக் காணலாம்.