பனிக்கட்டியாறு பாறையை அரிப்பது எவ்வாறு?

"பனிக்கட்டியாறு பாறையை வெட்டிச் செல்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிலவுருவங்களின் பெயர்களை அடுக்கும் விடைக்கு முழுப்புள்ளி கிடைக்காது. எவ்வாறு வெட்டுகிறது என்பதே வினா. சற்று யோசித்துப் பாருங்கள். உருகுநிலைக்கு அண்மையில் பனிக்கட்டியின் வன்மை மோவின் அளவுத்திட்டத்தில் 2 இலும் குறைவு. கருங்கல்லில் உள்ள குவார்ட்சின் வன்மை 7. மென்மையான பொருள் வன்மையான பொருளைச் செதுக்குவது எப்படி?

பனிக்கட்டி தனியாகச் செதுக்குவதில்லை. மரத்தை மினுக்கும் அரத்தாளில் தேய்ப்பது தாளன்று, அதில் ஒட்டியுள்ள மணலே. அவ்வாறே பனிக்கட்டியாற்றின் அடியில் உறைந்து பிடிபட்ட கற்கள் கீழுள்ள பாறையைத் தேய்க்கின்றன. இது அராவுதல் எனப்படும். அழுத்துவதற்குப் பாரமும் வேண்டும். அல்ப்சில் உள்ள அலெச் பனிக்கட்டியாறு தடித்த இடத்தில் 800 மீற்றருக்கும் மேல் ஆழமானது. அவ்வளவு பனிக்கட்டி ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 720 தொன் பாரத்தை ஏற்றும். அராவுதலால் பாறையில் சமாந்தரமான கீறல்கள் விழும். தேய்ந்த பாறை மாவைப் போலாகி உருகுநீரைப் பால்நிறமாக்கும்.

இரண்டாவது செயன்முறை பறித்தல். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதனையே. பாறை மேட்டின் எதிர்ப்பக்கத்தில் பனிக்கட்டி மோதும்போது அமுக்கம் கூடும். அமுக்கம் கூடினால் உருகுநிலை சற்றுக் குறையும். எனவே அங்கு சிறிது உருகி, அந்நீர் மேட்டின் மறுபக்கம் சென்று, பாறை மூட்டுகளுக்குள் புகுந்து மீண்டும் உறைகிறது. உறையும் நீரின் கனவளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். வெடிப்பு விரியும்; தளர்ந்த துண்டு பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு பெயரும். பெயர்ந்த அத்துண்டே அடுத்த இடத்தை அராவும் கருவியாகிறது. ஒருபக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் உள்ள மேட்டைப் படத்தில் தந்தால், வழுவழுப்பான பக்கத்திலிருந்தே பனிக்கட்டி வந்தது என எழுதுங்கள்.

இவையிரண்டும் நன்கு நடைபெற அடித்தளம் உருகுநிலையில் இருந்து, பனிக்கட்டி சறுக்க வேண்டும். பாறையோடு இறுக உறைந்துபோன பனிக்கட்டி மிகக் குறைவாகவே அரிக்கும்.

இனி உதாரணம். சுவிற்சர்லாந்தின் லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கு இதற்குச் சிறந்தது. ஆறு தன் படுக்கையை மட்டும் வெட்டுவதால் வீ வடிவம் தோன்றும். பனிக்கட்டியோ பள்ளத்தாக்கை நிரப்பி, அடியையும் இருபக்கச் சுவர்களையும் ஒருங்கே தேய்ப்பதால் யூ வடிவம் தோன்றுகிறது. இங்கு இன்று பாயும் சிற்றாற்றைப் பார்த்தால் இத்தனை அகன்ற பள்ளத்தாக்கை அது வெட்டியிருக்க முடியாது என்பது விளங்கும். அதன் பெயரே வெள்ளை லூட்ஷினே. துணைப் பள்ளத்தாக்குகளில் பனிக்கட்டி மெல்லியதாக இருந்ததால் அவை ஆழமாக அரிக்கப்படாமல் உயரத்தில் தொங்கி நிற்கின்றன. தொங்கு பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்தே ஸ்டவுப்பாக் நீர்வீழ்ச்சி ஏறக்குறைய 300 மீற்றர் விழுகிறது. இதற்கு நமது தியலுமவை உதாரணமாக எழுதிவிடாதீர்கள். அதனை உயரத்தில் நிறுத்தியது பனிக்கட்டியன்று.

ஆறு கடல்மட்டத்திற்குக் கீழே அதிகம் வெட்டாது. பனிக்கட்டிக்கு அந்த எல்லை இல்லை. நோர்வேயின் சொக்னே நுழைகழி உட்பகுதியில் 1,300 மீற்றர் ஆழமானது. வாயிலிலோ ஆழம் 200 மீற்றரிலும் குறைவு. வாயிலை அடைந்த பனிக்கட்டி பரந்து மெலிந்ததால் அங்கு அரிப்பும் தளர்ந்தது. ஒரு சிகரத்தைப் பல பக்கங்களிலிருந்தும் பனிக்கட்டி அரித்தால் மற்றர்ஹோன் (4,478 மீற்றர்) போன்ற கொம்புச் சிகரம் எஞ்சும்.

பயிற்சி வினா: ஒரு பள்ளத்தாக்கின் அடித்தளம் நடுவில் ஆழமாகவும் வெளிவாயிலில் ஆழம் குறைந்தும் காணப்படுகிறது. இதனை ஆறு உருவாக்கியிருக்க முடியாது என்பதற்கு இரு காரணங்கள் தருக.