லாரி ஆபீஸா? – லாஜிஸ்டிக்ஸ் வேலையில் நுழைவதும் வளர்வதும்

"கேம்பஸ்ல என்ன வேலைப்பா கிடைச்சுது?" என்று சித்தப்பா கேட்டார். "லாஜிஸ்டிக்ஸ்" என்றேன். "லாரி ஆபீஸா? அதுக்கா நாலு வருஷம் மெக் படிச்ச?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடம் இந்தத் துறையில் அலைந்த பிறகு ஓரளவு தெரிகிறது. இந்த வருஷம் பிளேஸ்மென்ட்டுக்கு உட்காரப் போகும் ஜூனியர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில், இது என்ன வேலை?

ஒரு பொருள் சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில், சேதமில்லாமல், கட்டுப்படியாகும் செலவில் போய்ச் சேர வேண்டும். அதற்கான திட்டம், போக்குவரத்து, குடோன், ஆவணம், தகவல் எல்லாம் சேர்ந்ததுதான் லாஜிஸ்டிக்ஸ். லாரி அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்தத் துறையையே மாற்றிய ஒரு சம்பவம் சொல்கிறேன். 1956 ஏப்ரல் 26 அன்று, லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஆட்கள் சுமந்துதான் கப்பலை நிரப்பினார்கள். 'சரக்கை ஏன் இறக்கி ஏற்றணும்? பெட்டியோட தூக்கி வச்சா என்ன?' என்பதுதான் அவருடைய யோசனை. இன்று நாம் ரோட்டில் பார்க்கும் கன்டெய்னர் அப்படி வந்தது. யோசித்துப் பாருங்கள், இது ஒரு இன்ஜினியரிங் தீர்வுதானே?

2. எங்கெல்லாம் வேலை இருக்கிறது?

தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி எனத் துறைமுகங்கள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூரில் தொழிற்சாலைகள், திருப்பூரில் பின்னலாடை. இத்தனைக்கும் நடுவில் சரக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நுழையும் வாசல்கள் இவை:

- ஃபிரெய்ட் ஃபார்வர்டிங்: கப்பலிலும் விமானத்திலும் இடம் பிடித்து, வாடகை பேசி, சரக்கை அனுப்பும் வேலை.
- கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்: ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி என்று சுங்கத்துறை ஆவணங்களைப் பார்ப்பது.
- வேர்ஹவுஸ்: இருப்பு, ரேக் அமைப்பு, ஆர்டர் எடுப்பது, ஆட்களை நிர்வகிப்பது.
- தொழிற்சாலையின் சப்ளை செயின் பிரிவு: எப்போது, எவ்வளவு வாங்குவது, எதை எந்த வண்டியில் அனுப்புவது என்று திட்டமிடுவது.

3. ஒரு சின்னக் கணக்கு

இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட கேள்வி இது. 8 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. அளவு 60 × 50 × 40 செ.மீ. விமானத்தில் அனுப்பினால் எத்தனை கிலோவுக்குப் பணம் கட்டணும்?

"எட்டு கிலோ" என்று சொன்னால் அவுட்! விமானத்தில் எடையைப் போலவே இடமும் காசு. அதனால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 1,20,000 ÷ 6000 = 20 கிலோ. இதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். அசல் எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

இப்போது பெட்டியின் உயரத்தை 10 செ.மீ குறைக்க முடிந்தால்? 90,000 ÷ 6000 = 15 கிலோ. ஒரு பெட்டிக்கு 5 கிலோ மிச்சம். மாதம் 100 பெட்டி போனால் 500 கிலோவுக்கான கட்டணம் மிச்சம். பேக்கிங்கை மாற்றி வடிவமைக்கத் தெரிந்தவருக்கு மேனேஜர் கட்டாயம் காது கொடுப்பார். நம்ம படிப்பு பயன்படும் இடம் இதுதான்.

4. நான் செய்த தப்பு

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம். பெங்களூரிலிருந்து ஏற்றுமதிச் சரக்கு ஒன்று சென்னை வந்துகொண்டிருந்தது. ராத்திரி 11 மணிக்கு டிரைவர் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, வண்டி பிரேக்டவுன். வேற வண்டியில லோடு மாத்திட்டோம்." "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் வேண்டும். அதன் 'பகுதி பி'யில் வண்டி எண் இருக்கும். வண்டி மாறினால் அந்த எண்ணையும் மாற்றணும். இரண்டு நிமிட வேலை. காலையில் பார்த்துக்கலாம் என்று விட்டது என் தப்பு.

விடியற்காலை செக்கிங்கில் வண்டி நின்றது. எல்லாம் சரிசெய்து வண்டி கிளம்புவதற்குள் கட்-ஆஃப் நேரம், அதாவது அந்தக் கப்பலுக்கான சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம், தாண்டிவிட்டது. கப்பல் போயாச்சு. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. அனுப்பியவர் சிறு தொழில் நடத்துபவர், அவருக்கு வர வேண்டிய பணமும் தள்ளிப் போனது. டிரைவர் அண்ணன் ஒரு நாள் முழுக்க ரோட்டோரம் காத்துக் கிடந்தார். அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கற்றுக்கொண்டது ஒன்றுதான். சரக்கு நகரும்போது தகவலும் கூடவே நகரணும். இந்தத் துறையில் நல்ல பெயர் எடுப்பவர்கள் பெரிய புத்திசாலிகள் என்பதைவிட, சொன்னதை அந்த நேரத்திலேயே முடிப்பவர்கள்.

5. படிக்கும்போதே என்ன செய்யலாம்?

- எக்செல்: பிவட் டேபிள், லுக்அப் இரண்டும் கை வந்திருக்கணும். முடிந்தால் கொஞ்சம் எஸ்கியூஎல்.
- இன்கோடெர்ம்ஸ் 2020: வாங்குபவர், விற்பவர் இருவரில் யார் எதுவரை செலவும் பொறுப்பும் ஏற்பது என்று சொல்லும் 11 விதிகள். குறைந்தது எஃப்ஓபி, சிஐஎஃப் வித்தியாசமாவது தெரியணும்.
- ஆபரேஷன்ஸ் ரிசர்ச்: டிரான்ஸ்போர்ட்டேஷன் பிராப்ளம், இன்வென்டரி மாடல் எல்லாம் பரீட்சைக்கு மட்டும் இல்லை. என்பிடெலில் சப்ளை செயின் பாடங்கள் இருக்கின்றன, பாருங்கள்.
- இன்டர்ன்ஷிப்: ஒரு மாதமாவது குடோனில் நில்லுங்கள். ஏசி ரூம் இன்டர்ன்ஷிப்பைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

6. சேர்ந்த பிறகு வளர்வது எப்படி?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் சம்பளம் ஐடிக்குப் போன ரூம்மேட்டின் சம்பளத்தைவிடக் குறைவு. நைட் ஷிஃப்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும். ஷிஃப்ட் நேரம், கேப் வசதி எல்லாம் இன்டர்வியூவிலேயே தயங்காமல் கேளுங்கள்.

முதல் இரண்டு வருடம் ஆபரேஷன்ஸில் இருந்து எல்லா டேபிளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆவணத்தை டைப் அடித்துக்கொண்டே இருந்தால் அங்கேயே நின்றுவிடுவோம். பிறகு ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கலாம். சுங்க வேலை பிடித்தால், தகுதியும் அனுபவமும் சேர்த்துக்கொண்டு கஸ்டம்ஸ் புரோக்கர் உரிமத்துக்கான தேர்வு எழுதலாம். திட்டமிடல் பிடித்தால் சிபிஐஎம், சிஎஸ்சிபி போன்ற சான்றிதழ்கள். ஆட்களோடு வேலை பிடித்தால் குடோன் மேனேஜர் பாதை. எதுவானாலும், "இதை மாற்றினதால இவ்வளவு செலவு குறைஞ்சுது" என்று எண்ணோடு எழுதி வையுங்கள். அப்ரைசலில் பேசுவது அந்த எண்தான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா புது மிக்ஸி காட்டினார். "ஆன்லைன்ல போட்டேன், ரெண்டே நாள்ல வந்துருச்சு" என்றார். "அந்த ரெண்டு நாளைக்குள்ள நடக்குற வேலைதான் சித்தப்பா நான் பாக்குறது" என்றேன். இந்த முறை லாரி ஆபீஸ் என்று அவர் சொல்லவில்லை. "உக்காரு, எப்படின்னு சொல்லு" என்றார்.