தொண்டைப் புற்றுநோய் ஏன் வருகிறது? தம்பதியர் அறிய வேண்டியவை

"ஏங்க, ஒரு மாசமா உங்க குரலே கட்டிக் கெடக்குதே?"

"சளிதான். சுக்குக் கஷாயம் போட்டுக் குடு, சரியாப் போயிடும்."

அன்பார்ந்த தம்பதியரே! இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். சளியால் கட்டிய குரல் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரத்துக்கு மேலும் கரகரப்பு நீடித்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தொண்டைப் புற்றுநோய் சாபத்தால் வருவதல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஒட்டிக்கொள்வதும் அல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலான காரணங்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

1. பீடி, சிகரெட், சுருட்டு: புகையிலைப் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் சுமார் 70 உள்ளன. தொண்டையின் மெல்லிய உள்தோலை அவை நாள்தோறும் கெடுக்கின்றன. கெட்டுப்போன சில அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் வளர்ந்து கட்டியாகின்றன. வீட்டுக்குள் புகைத்தால் மனைவி, மக்கள் உடலுக்கும் கேடு.

2. மெல்லும் புகையிலையும் பாக்கும்: "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள் தாய்மார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளது.

3. மது: எந்த மதுவானாலும் தொண்டைக்கு ஆபத்துதான். குடியும் பீடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகும்.

4. இரத்தசோகை: இரும்புச் சத்துக் குறைவு பல ஆண்டுகள் நீடித்தால் சில பெண்களுக்கு விழுங்குவது கடினமாகும். இவர்களுக்குத் தொண்டையின் அடிப்பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். கீரை, பயறு வகைகளைச் சாப்பிடுங்கள். செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள்.

5. எச்.பி.வி. வைரஸ்: பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் இதே வைரஸ், ஆண் பெண் இருவருக்கும் உள்நாக்குச் சதையிலும் நாக்கின் அடியிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும். உடலுறவின் மூலம் பரவுவது. இதற்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் மகளுக்குப் போடுவது பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டுப் பிடிச்சாரே, அவருக்கு ஒண்ணும் வரலையே!" என்று கூட்டந்தோறும் ஒருவர் கேட்பார். கிணற்றுச் சுவர்மேல் நடக்கிறவர்கள் எல்லாரும் விழுந்துவிடுவதில்லை. அதற்காக நம் பிள்ளையை அதன்மேல் நடக்க விடுவோமா?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

மூன்று வாரத்துக்கு மேல் குரல் மாற்றம், சோறு விழுங்கும்போது அடைப்பு அல்லது வலி, கழுத்தில் கரையாத கட்டி, ஒரு பக்கக் காதில் விடாத வலி, எச்சிலில் இரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புவார்கள். குரல்வளைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால், பலருக்குக் கதிர்வீச்சு சிகிச்சையிலேயே நோய் குணமாகும், குரலும் நிலைக்கும். முற்றவிட்டால் குரல்வளையையே எடுக்க நேரலாம். பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் போய்விடும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு.

கணவன்மார்களே! பீடியை விட்டால் ஆண்டுக்கு ஆண்டு ஆபத்து குறையும். ஐம்பது வயதில் விட்டாலும் பலன் உண்டு. உதவிக்கு 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

தாய்மார்களே! குரல் மாறுவதை முதலில் கேட்பது உங்கள் காதுதான். "சளிதான்" என்று அவர் சொன்னாலும் நாளை எண்ணிக்கொண்டே வாருங்கள். மூன்று வாரம் ஆனதும், அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

புகையும் குடியும் பாக்கும் விடுவோம்! குரலும் குடும்பமும் காப்போம்!