அளந்து எடுத்தால் ஆண்டுகள் நீளும்
(சூரிய மின்சக்தியில் மின்கலப் பராமரிப்பு)

மின்கம்பி வருவதற்கு முன்பு நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இரவு வெளிச்சம் ஜெனரேட்டரின் தயவில் இருந்தது. அது நின்ற பிறகும் தொலைக்காட்சி பார்க்க விரும்பியவர்கள் காடி பேட்டரியை நம்பினார்கள். தோட்ட வீடுகளுக்குப் போதிய மின்வசதி தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் விதித்தது. ஆயினும் காவல் குடிசை, பழத்தோட்டக் கொட்டகை, செம்பனைக்கு நடுவே நிற்கும் சிறு கோயில் போன்ற இடங்களுக்குச் சூரியத் தகடு இன்றும் பொருத்தமானது. தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். முதலில் பழுதாவது மின்கலமே. ஏன்?

ஈய அமில மின்கலத்திலிருந்து மின்சாரம் எடுக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னூட்டினால் அது கரைந்துவிடும். குறை மின்னூட்டத்தில் நாள்கணக்கில் கிடந்தால் படிகமாக இறுகி, மின்கலத்தின் கொள்ளளவைத் தின்றுவிடும். காடி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. எஞ்சினை முடுக்கிவிட மட்டுமே ஏற்றவை. சூரிய மின்சக்திக்குத் தடித்த தகடுகள் கொண்ட மின்கலம் தேவை.

ஒரு கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1200 வாட்-மணி உண்டு. பாதிக்கு மேல் எடுக்கலாகாது, ஆக, 600. நான்கு 5 வாட் விளக்குகளும் ஒரு 20 வாட் விசிறியும் ஐந்து மணி நேரம் ஓடினால் 200 வாட்-மணி செலவாகும். வெயிலே இல்லாவிட்டாலும் மூன்று இரவுகள் தாங்கும். ஆனால் 100 வாட் தகடு ஒரு நல்ல நாளில், இழப்புகள் போக, ஏறத்தாழ 280 வாட்-மணிதான் தரும். அன்றாடச் செலவு போக மிஞ்சுவது 80. மூன்று நாள் கடனை அடைக்க ஒரு வாரத்துக்கு மேலாகும்! தகடுகளில் சல்பேட் இறுகுவது அந்த நாள்களில்தான். எனவே மழைக்காலத்தில் விசிறியை நிறுத்துங்கள். முடிந்தால் இன்னொரு தகட்டைச் சேருங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. பளு எதுவுமின்றிச் சில மணி நேரம் ஓய்ந்த மின்கலம் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.1 என்றால் ஏறக்குறைய பாதி.
2. மாதந்தோறும் மூடிகளைத் திறந்து பாருங்கள். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய் நீரோ அமிலமோ வேண்டாம்.
3. மின்னூட்டும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டம் வேண்டும், விளக்கேற்றும் இடத்தருகே மின்கலத்தை வைக்காதீர்கள்.
4. பழைய மின்கலத்தோடு புதியதை இணைக்காதீர்கள். பழையது புதியதையும் கெடுக்கும்.
5. வெப்பம் கூடக்கூட ஆயுள் குறையும். நிழலில் வையுங்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்துக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் அதையும் முற்றாக வடிய விடலாகாது.

பயன் முடிந்த ஈய மின்கலத்தை ஆற்றோரம் வீசக்கூடாது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவரிடமே சேர வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். மாணவர்களே, விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பும்போது ஒரு வோல்ட்மானியையும் எடுத்துச் செல்லுங்கள். அளக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், அந்தக் கோயிலின் விளக்கு இன்னும் பல ஆண்டுகள் எரியும்.