கண்ணுக்குத் தெரியாத உலையை நம்புவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

என் தந்தையார் ஒரு நெல் அரைவை ஆலையில் கொதிகலன் பார்க்கும் தொழிலாளி. உமியைத் தள்ளித் தீ மூட்டுவதற்கு முன் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். ஆவி ஏறத் தொடங்கியதும் சேஃப்டி வால்வை ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்ப்பார். எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த அவர் இந்த வரிசையை இருபது ஆண்டுகளாக மாற்றியதில்லை.

கல்பாக்கத்தில் உள்ள சோதனை அணு உலையைப் பற்றி நூலகத்தில் படித்ததை ஓர் இரவு அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வுலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம் என்றேன். "அது கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குமா?" என்று கேட்டார். "இல்லப்பா, பாதரசம் மாதிரி. உள்ளே எதுவும் தெரியாது" என்றேன். "அப்ப உள்ளே என்ன நடக்குதுன்னு எப்படிடா நம்புறாங்க?" என்றார். என்னிடம் விடையில்லை. அதைத் தேடிப் படித்ததே இக்கட்டுரை.

எஃப்.பி.டி.ஆர். என்று சுருக்கி வழங்கும் இந்த வேக ஈனுலை, பிரான்சு நாட்டின் ராப்சோடி உலையை மாதிரியாகக் கொண்டது. ராப்சோடியில் நீராவிப் பகுதி கிடையாது. நம்மவர்கள் நீராவி ஆக்கியையும் டர்பைனையும் சேர்த்து 40 மெகாவாட் வெப்பத்திறனுக்கு அமைத்தார்கள். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்குதான். மீதியுள்ள யுரேனியம்-238ஐப் புளூட்டோனியமாக மாற்றிப் பயன்படுத்த வேகமான நியூட்ரான்கள் வேண்டும். தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும். சோடியம் அவ்வளவாகக் குறைப்பதில்லை. அது 98 டிகிரி செல்சியசில் உருகி, 883 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஆகையால் கொதிகலனைப் போல அழுத்தம் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே நாம் கண்டிருக்கிறோம்.

சோடியத்தை ஊற்றும் நாளுக்கு வெகு முன்பே சோதனை தொடங்கிவிடுகிறது. சோடியம் உறைந்து அடைத்துக்கொள்ளாமலிருக்க, குழாய்களின் மேல் மின்சூடேற்றிகள் சுற்றப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியும் உரிய வெப்பநிலைக்கு வருகிறதா என்று பார்த்த பின்னரே சோடியம் உள்ளே விடப்படும். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்ப வேண்டும். இத்தகைய உலைகளின் பம்புகளை முதலில் சாதாரணத் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சூடான சோடியம் ஓடும் விதம் ஏறத்தாழத் தண்ணீர் ஓடும் விதமே என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்து, கண்ணுக்குப் பதிலாக நிற்கும் கருவிகள். சோடியம் நல்ல மின்கடத்தி. காப்பாற்றுவதும் அந்தக் குணமே. ஓடும் சோடியத்திற்குக் குறுக்கே ஒரு நிலைக்காந்தத்தை வைத்தால், பாரடே விதிப்படி ஓட்டத்தின் வேகத்திற்கேற்ப மின்னழுத்தம் உண்டாகும். அதை அளந்தால் ஓட்டம் தெரியும். குழாயின் வெளிப்புறத்தில் காப்பிட்ட கம்பிகளைச் சுற்றி வைத்தால், கசியும் ஒரு சொட்டுச் சோடியமே சுற்றை மூடி மணியடிக்கும். நீராவி ஆக்கியில் சோடியத்தையும் தண்ணீரையும் பிரிப்பது ஒரு குழாய்ச் சுவர்தான். அதில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் ஹைட்ரஜன் பிறக்கும். அது மெல்லிய நிக்கல் சுவரின் வழியே ஊடுருவி வெளிவரும். சோடியத்தில் கரைந்திருக்கும் அந்தச் சிறு ஹைட்ரஜனைக் கண்டதும் உலையை நிறுத்திவிட வேண்டும். அப்பாவின் கேஜ் கண்ணாடி இங்கே இத்தனை கருவிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

இனி, உலையை முதன்முதலாக உயிர்ப்பிக்கும் முறை. பாடப்புத்தகம் இதை "மாறுநிலை அடைதல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உண்மையில் அது நம் ஆய்வுக்கூட வரைபடத் தாளில் நடக்கும் வேலை. உலைக்குள் சிறு நியூட்ரான் மூலம் ஒன்றை வைத்து, நிமிடத்திற்கு எத்தனை எண்ணிக்கை என்று குறித்துக்கொள்வார்கள். எரிபொருள் சேரச் சேர எண்ணிக்கை ஏறும். கற்பனையாக 100, 200, 400 என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் தலைகீழ் மதிப்புகளை வரைந்தால் கோடு இறங்கிக்கொண்டே போகும். அது பூச்சியத்தைத் தொடும் இடமே மாறுநிலை. அந்த இடத்தை முன்கூட்டியே கணித்து, மிச்சமுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் போகக்கூடாது என்பது வழக்கம். நெருங்க நெருங்க அடி சிறிதாகும். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்துவிட்டது.

தண்டுகளை மெதுவாக உயர்த்துவதற்கும் காரணம் உண்டு. பிளவில் பிறக்கும் நியூட்ரான்களில் சிறு பங்கு சற்றுத் தாமதித்து வெளிவருகிறது. மனிதன் உலையைக் கையாள அவகாசம் தருவது இப்பங்கே. யுரேனியம்-235ல் இது ஆயிரத்துக்கு ஆறரை. புளூட்டோனியத்தில் ஆயிரத்துக்கு இரண்டுதான். கல்பாக்கத்தின் எரிபொருளோ 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியம் கார்பைடும் கலந்தது. ஆதலால் போரான் கார்பைடாலான ஆறு கட்டுப்பாட்டுத் தண்டுகளும் தத்தம் மின்காந்தப் பிடியிலிருந்து விடுபட்டு விழுகின்றனவா என்பது தலையாய சோதனை. இவையெல்லாம் கடந்து 1985 அக்டோபர் 18ஆம் நாள் உலை மாறுநிலை அடைந்தது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் 1987 மே மாதத்தில் ஒரு விபத்து நேர்ந்தது. எரிபொருளை இடம் மாற்றும்போது உலை நிறுத்தப்பட்டிருக்கும். சோடியம் 180 டிகிரியில் இருக்கும். மேலே சுழலும் மூடிகளைத் திருப்பி, கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கிக் குழாயைக் கொண்டு செல்வார்கள். உள்ளே ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் மூடி சுழலாதபடி தடுக்கும் பூட்டமைப்பு உண்டு. அன்று அந்தத் தடுப்பு விலக்கி வைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் தொகுதியின் அடிப்பகுதி நீட்டியிருக்கும்போதே மூடி சுழன்றது. பக்கத்திலிருந்த தொகுதிகளின் தலைகள் வளைந்தன. தொடர்ந்து நடந்த மீட்பு வேலையில் கெட்டியான வழிகாட்டிக் குழாயே வளைந்துபோயிற்று. அதைத் தூரத்திலிருந்து அறுத்தெடுக்கத் தனி இயந்திரம் செய்தார்கள். அறுபடும் இரும்புத் துகள் ஒன்றுகூட உலைக்குள் விழக்கூடாதல்லவா? உலை மீண்டும் இயங்கியது 1989ல்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. முதலாண்டில் நிறமாலைமானி சோதனையில், ஒளிவிலகல் எண் என்ன வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற கோணத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதியவன் நான். முழு மதிப்பெண்ணும் பெற்றேன். தொலைநோக்கியில் நான் பார்க்காத கோட்டைப் பார்த்ததாக அந்தப் பதிவேடு இன்றும் சொல்கிறது. விலக்கி வைத்த பூட்டுக்கும் இதற்கும் என்னால் பெரிய வேறுபாடு காண முடியவில்லை.

எரிபொருளின் கதை வேறுவிதம். புளூட்டோனியம் மிகுந்த இத்தகைய கார்பைடை முதன்மை எரிபொருளாக இயக்கிப் பார்த்த அனுபவம் அதுவரை எந்நாட்டிற்கும் இல்லை. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து கிடைக்காமற்போகவே இந்த வழியை நாடினார்கள். எனவே எரிபொருளே சோதனைப் பொருளாயிற்று. ஒரு டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் எரிந்ததும் ஒரு தொகுதியை வெளியே எடுத்தார்கள். தடித்த சுவரும் ஈயக் கண்ணாடியும் கொண்ட அறையில், இயந்திரக் கைகளால் அதன் மெல்லிய ஊசிகளைப் பிரித்து, வீக்கம் உண்டா, விரிசல் உண்டா என்று ஆராய்ந்தார்கள். நல்ல நிலையில் இருந்தமையால் வரம்பை உயர்த்தினார்கள். பிறகு 50,000, பிறகு ஒரு லட்சம், பிறகு 1,55,000 என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தே மேலே சென்றார்கள். ஒரு தொகுதியில் ஊசிகள் 61. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமன்.

தொடக்கத்தில் கருப்பகுதி சிறியதாகவே அமைக்கப்பட்டது. திறன் பத்து மெகாவாட் அளவில்தான். 1997ல் டர்பைன் மின்கட்டத்துடன் இணைந்தது. 2002ல் ஒரு வால்வின் குறையால் 75 கிலோ சோடியம் கசிந்தது. வடிவமைப்பில் குறித்த முழு 40 மெகாவாட்டை உலை எட்டியது 2022 மார்ச்சில்.

இதையெல்லாம் மறுபடி அப்பாவிடம் சொன்னேன். "முழு பிரஷர் ஏத்த முப்பத்தாறு வருஷமா!" என்று சிரித்தார். பிறகு 1987ஐப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், ஆவி வீணாகிறது என்று சேஃப்டி வால்வின் கைப்பிடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார்களாம். "கட்டினீங்களாப்பா?" என்று கேட்டேன். "ரெண்டு நாள் கட்டினேன்" என்றார். மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். அந்த ஆண்டுதான் எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல், அம்மா தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தது.