மூஸ் வேட்டைக்குக் கட்டுப்பாடு உண்டா?

கேள்வி: அலாஸ்காவில் மூஸ் மானை வேட்டையாடச் சட்டமே அனுமதிக்கிறதாமே, இஷ்டத்துக்குச் சுடலாமா?

பதில்: முடியாது. உரிமம் வேண்டும், பருவமும் பகுதிக்குப் பகுதி மாறும். பல பகுதிகளில் கொம்பைப் பார்த்துத்தான் சுட வேண்டும்: அகலம் 50 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிப்பக்கக் கொம்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிளைமுனைகள். தொலைநோக்கியில் அவற்றை எண்ணி முடிக்கும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது. சிறு விமானத்தில் வந்திறங்கியவர் மறுநாள் அதிகாலை 3 மணிவரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டியும் உடன் இருக்க வேண்டும்.

நான் மிகவும் மதிக்கும் விதி இறைச்சி பற்றியது. உண்ணத்தக்க கறி முழுவதையும் காட்டிலிருந்து சுமந்து வந்தாக வேண்டும். கொம்பு கடைசிச் சுமையோடுதான் வரலாம். கொம்புக்காக மட்டும் கொன்றுவிட்டு, நூற்றுக்கணக்கான கிலோ கறியை அழுகவிடுவது அங்கே குற்றம்.